யாருக்கும் தெரியாமல் சிகரெட்டை விட முடியுமா?

கேள்வி

டாக்டர் அம்மா,

எனக்கு வயது 24. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் வீடு. நெசவுக் குடும்பம். அப்பா இன்றும் வீட்டுத் தறியில்தான் உட்காருகிறார். சின்ன வயதில் அவர் கோர்வைப் புடவை நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்தவன் நான். டிப்ளமோ முடித்துவிட்டு இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறேன்.

பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நண்பர்களோடு விளையாட்டாகத் தொடங்கிய சிகரெட், இப்போது நாளுக்கு எட்டு, பத்து என்று ஆகிவிட்டது. நைட் ஷிப்டு என்றால் இன்னும் ஒன்றிரண்டு கூடும். பெட்டியாக வாங்குவதில்லை, கடையில் ஒன்று, இரண்டு என்று உதிரியாகத்தான். காலையில் எழுந்து பத்து நிமிடத்துக்குள் ஒன்று பற்றவைக்காவிட்டால் வயிறு சுத்தமாவதில்லை. பிறகு டீயோடு ஒன்று, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று. மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் இதற்கே போகிறது.

வீட்டில் தெரியாது. அப்பா பீடி பிடிப்பவர்தான். ஆனாலும் அவருக்குத் தெரிந்தால் என்னால் முகம் கொடுத்துப் பேச முடியாது. அம்மாவுக்கு வீசிங் இருக்கிறது. தை மாதம் எனக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். அதற்குள் யாருக்கும் தெரியாமலே விட்டுவிட வேண்டும் என்று பலமுறை முயன்றுவிட்டேன். மூன்று நாள் தாண்டுவதில்லை. தலைவலி, எரிச்சல், தூக்கம் வராமை என்று எல்லாம் சேர்ந்து வந்து, கடைசியில் டீக்கடையில் போய் நிற்கிறேன்.

ஒரேயடியாக விடுவதா, ஒன்றொன்றாகக் குறைப்பதா? நிக்கோடின் சூயிங்கம் மென்றால் அது இன்னொரு பழக்கமாகிவிடாதா? ஒரு நண்பன் வேப் பிடிக்கச் சொல்கிறான். இன்னொருவன் கூல் லிப் வைத்துக்கொள் என்கிறான். புகை இல்லையே, அது பரவாயில்லையா? இத்தனை வருடம் இழுத்தாயிற்று, இனிமேல் விட்டு என்ன பயன் என்றும் சில நேரம் தோன்றுகிறது. வழி சொல்லுங்கள்.

- பெயர் வேண்டாம், ஓரிக்கை

பதில்

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியில் தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால் மற்றதைச் செய்வதற்குத் தெம்பு வரும்.

இந்த வயதில் விட்டால் என்ன கிடைக்கும்?

பிரிட்டனில் 1951-இல் 34,000-க்கும் அதிகமான ஆண் மருத்துவர்களைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியது. அவர்களில் யார் புகைத்தார்கள், யார் விட்டார்கள், யார் எந்த வயதில் இறந்தார்கள் என்று 50 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ இருவரும் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து 2004-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். கடைசி வரை சிகரெட்டை விடாதவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் மூன்று ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. 50-இல் விட்டவர்களுக்கு ஆறு, 40-இல் விட்டவர்களுக்கு ஒன்பது. 30-இல் விட்டவர்களுக்கு அந்தப் பத்து ஆண்டுகளும் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்துவிட்டன. உங்களுக்கு 24. இழப்பதற்கு முன்பே மீட்டுவிடக்கூடிய இடத்தில் நிற்கிறீர்கள்.

அது வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். நம் பக்கத்திலேயே, சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும், இறந்துபோன 43,000 ஆண்களின் பழக்கத்தை வீடு வீடாகக் கேட்டறிந்து, உயிரோடு இருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டார்கள். டாக்டர் கஜலட்சுமி தலைமையில் நடந்த அந்த ஆய்வு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நகரத்தில் சிகரெட்டும் பீடியும், கிராமத்தில் பெரும்பாலும் பீடி. இரண்டு இடத்திலும் புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைவிட நாலு மடங்குக்கும் மேல். புற்றுநோய் என்றைக்கோ வருவது, அப்போது பார்க்கலாம் என்று இளைஞர்கள் என்னிடம் சொல்வார்கள். காசநோய் அறுபது வயது வரை காத்திருப்பதில்லை என்று அவர்களுக்குச் சொல்வேன்.

லாபம் உடனேயும் தெரியும். ஓரிரு நாளில் இரத்தத்தில் ஏறியிருந்த கார்பன் மோனாக்சைடு இறங்கி, ஆக்ஸிஜன் தன் இடத்துக்குத் திரும்பும். சில வாரங்களில் நாக்குக்கு ருசியும் மூக்குக்கு வாசனையும் கூடும். மாடிப்படி ஏறும்போது இளைப்பது குறையும். ஓராண்டில், சிகரெட்டால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் பாதியாகும்.

ஏன் மூன்றாம் நாளில் நிற்கிறீர்கள்?

உங்களுக்கு மன உறுதி போதவில்லை என்று நினைக்கிறீர்கள். காரணம் அதுவல்ல என்பது நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது.

ஒருமுறை இழுத்ததும் நிக்கோடின் சுமார் 10 முதல் 20 வினாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே டோபமைனைச் சுரக்கவைத்து, ஒரு நிறைவைத் தருகிறது. இரண்டு மணி நேரத்தில் உடம்பில் இருக்கும் நிக்கோடின் பாதியாகிவிடும். மூளை அடுத்ததைக் கேட்கும். வருடக்கணக்கில் இப்படிக் கொடுத்துப் பழக்கிய மூளைக்குத் திடீரென்று நிறுத்தினால் தலைவலி, எரிச்சல், பதற்றம், கவனக்குறைவு, தூக்கமின்மை எல்லாம் வரும். இவை உச்சத்துக்குப் போவது இரண்டாம், மூன்றாம் நாளில். அதன் பிறகு படிப்படியாகத் தணிந்து, இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மிகக் கஷ்டமான நாளைத் தாண்டும் இடத்தில்தான் நீங்கள் திரும்பியிருக்கிறீர்கள். இன்னும் நாலு நாள் நின்றிருந்தால் இறக்கம் தொடங்கியிருக்கும்.

அந்த நாலு நாள் ஏன் நிற்க முடியவில்லை? உதவிக்கு ஆள் இல்லாததால். நீங்கள் சிடுசிடுவென்று பேசுவதற்குக் காரணம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவும் பதிலுக்குக் கோபித்திருப்பார். லைனில் உங்கள் சூப்பர்வைசருக்குத் தெரியாது. டீக்கடை நண்பர்களுக்குத் தெரியாததால் வழக்கம்போல ஒன்றை நீட்டுவார்கள். மறைத்துப் பிடித்த சிகரெட்டை மறைத்தே விடப் பார்த்தீர்கள். பிடிப்பதை மறைக்கலாம், விடும்போது வரும் அவஸ்தையை மறைத்துக்கொண்டு தனியாகத் தாங்குவது ரொம்பக் கஷ்டம். எனவே நான் முதலில் எழுதித் தரும் மருந்து இதுதான்: ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

யாரிடம் சொல்வது?

வீட்டில் ஒருவர், வேலையிடத்தில் ஒருவர், நண்பர்களில் ஒருவர். மூன்று பேர் போதும்.

வீட்டில் அம்மாவிடமோ, அக்கா, அண்ணி இருந்தால் அவர்களிடமோ சொல்லலாம். "அம்மா, எனக்குச் சிகரெட் பழக்கம் இருக்கு. விடப் போறேன். ஒரு மாசம் கொஞ்சம் சிடுசிடுன்னு இருப்பேன், பொறுத்துக்கோ." இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. அவருக்கு வருத்தம் இருக்கும். ஆனால் பிள்ளை விடப் போகிறேன் என்று வந்து நிற்கும்போது விரட்டும் அம்மாவை நான் பார்த்ததில்லை. அதோடு, துணியிலும் மூச்சிலும் வரும் வாசனையை அவர் இதுவரை கவனிக்கவில்லை என்று நீங்கள் நம்புவதும் சந்தேகத்துக்குரியது.

நண்பர்களிடம் வேண்டுகோளாகச் சொல்லாமல் வேலையாகச் சொல்லுங்கள். "மச்சி, நான் விட்டுட்டேன். ஒரு மாசம் என்கிட்ட நீட்டாத, நான் கேட்டாலும் கொடுக்காத." கிண்டல் செய்வார்கள், இரண்டு நாளில் அது ஓய்ந்துவிடும். 2016-17-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், இந்தியாவில் புகைப்பவர்களில் 55 சதவீதம் பேர் விட நினைப்பதாகவோ விடத் திட்டமிடுவதாகவோ சொன்னார்கள். உங்கள் டீக்கடைக் கூட்டத்திலும் வெளியே சொல்லாமல் அப்படி நினைப்பவர்கள் இருப்பார்கள். ஒருவர் துணைக்கு வந்தால் இருவருக்கும் நல்லது.

கல்யாணம் பேசிய பெண்ணிடம் சொல்வதா என்பது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால், அவராகக் கண்டுபிடிப்பதைவிட நீங்களாகச் சொல்வது நல்லது.

ஒரேயடியாகவா, ஒன்றொன்றாகவா?

நாள் குறித்து, அந்த நாளில் முழுதாக நிறுத்துங்கள். இங்கிலாந்தில் சுமார் 700 பேரை இரண்டு பிரிவாக்கிச் சோதித்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம் பேர். ஆறு மாதத்துக்குப் பிறகும் முதல் பிரிவினரே முன்னால் இருந்தார்கள். இரண்டு பிரிவுக்கும் ஆலோசனையும் நிக்கோடின் மருந்தும் கொடுத்திருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். குறைத்துக்கொண்டே போகும்போது மிஞ்சும் நாலைந்து சிகரெட்டுக்கு மதிப்பு ஏறிவிடுகிறது. அவற்றை இன்னும் ஆழமாக இழுக்கிறோம்.

நாள் குறிப்பதற்கு முந்தைய வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு சிகரெட்டையும் செல்போனில் குறித்து வையுங்கள்: எத்தனை மணி, எங்கே, யாரோடு, எதற்குப் பிறகு. உதிரியாக வாங்குபவர்களுக்கு எண்ணிக்கை சரியாகத் தெரியாது. எட்டு என்று நினைப்பது பதிமூன்றாக இருக்கலாம். எந்தச் சிகரெட்டை உடம்பு கேட்கிறது, எது வெறும் பழக்கம் என்பதும் அந்தக் குறிப்பில் தெரிந்துவிடும்.

ஷிப்டு மாறும் வாரத்திலோ, நைட் ஷிப்டு தொடங்கும் நாளிலோ நாள் குறிக்க வேண்டாம். பகல் ஷிப்டின் முதல் நாளோ, வார விடுப்போ நல்லது. நண்பன் கல்யாணம், வைகாசியில் வரதர் கருட சேவை என்று எல்லோரும் கூடும் நாட்களைத் தவிர்த்து, அதற்கு மூன்று வாரமாவது முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். தை வரை தள்ளவும் வேண்டாம். கல்யாண வேலையின் அலைச்சலுக்கு நடுவில் விடுவதைவிட, விட்டு இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு அந்த அலைச்சலைச் சந்திப்பது எளிது.

குறித்த நாளுக்கு முதல் நாள் இரவு லைட்டர், தீப்பெட்டி, பையில் கிடக்கும் மிச்சம் மீதி எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். புகை வாசனை ஏறிய சட்டைகளைத் துவைத்துப் போடுங்கள்.

சூயிங்கம் இன்னொரு பழக்கமா?

இல்லை. சிகரெட்டில் உங்களை அடிமையாக்குவது நிக்கோடின். கொல்வது பெரும்பாலும் எரிவதால் வரும் தார், கார்பன் மோனாக்சைடு, மற்ற நச்சுகள். சூயிங்கம்மில் அந்த நச்சுகள் இல்லை. நிக்கோடினும் மெதுவாக, குறைவாக ஏறுவதால் சிகரெட் தரும் அந்தத் திடீர் உச்சம் கிடைக்காது. அதனால்தான் அதை நிறுத்துவது எளிது. உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பலர் இதைத் தவறாக மென்றுவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள். சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் நிக்கோடின் வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். மெதுவாக மெல்லுங்கள். காரமாக, சுரீரென்று ஒரு ருசி வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். ருசி அடங்கியதும் மறுபடி நாலு முறை மென்று வேறு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிலிருந்து மென்று முடிக்கும் வரை டீ, காபி, குளிர்பானம், எலுமிச்சைச் சாறு கூடாது. இவை நிக்கோடின் உள்ளே ஏறுவதைத் தடுக்கும். முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டி, சுமார் மூன்று மாதத்தில் நிறுத்திவிடலாம்.

இதில் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவு உண்டு. எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு நிக்கோடின் பிடிமானம் அதிகம். நீங்கள் பத்து நிமிடத்துக்குள் பிடிக்கிறீர்கள். எனவே உங்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம். மருத்துவரைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டையும் இருக்கிறது. காலையில் ஒட்டினால் நாள் முழுவதும் ஒரே சீராக நிக்கோடின் கொடுக்கும். பட்டையோடு, ஆசை எழும் நேரத்தில் சூயிங்கம்மும் சேர்த்துக்கொண்டால், ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நல்ல பலன் கிடைக்கிறது.

வரெனிக்லின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் உண்டு. 2021-இல் இவையும் அத்தியாவசியப் பட்டியலில் சேர்ந்தன. வரெனிக்லினைக் குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, பன்னிரண்டு வாரம் எடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு போட்டால் குமட்டல் குறையும். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் கூடாது. இரண்டையும் மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வாங்க வேண்டாம்.

அந்த ஐந்து நிமிடங்கள்

ஆசை அலைபாய்ந்து வரும் ஒவ்வொரு முறையும் அது நிற்பது சில நிமிடங்கள்தான். நீங்கள் பற்றவைத்தாலும் வைக்காவிட்டாலும் போய்விடும். உங்கள் வேலை அந்த ஐந்து நிமிடத்தைக் கடத்துவது. ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல மெல்லக் குடியுங்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், நிற்கும் இடத்தை விட்டு நகருங்கள், நீங்கள் சொல்லிவைத்த மூவரில் ஒருவருக்குப் போன் செய்யுங்கள். நீங்கள் எழுதிய நேரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காலை: நிக்கோடின் குடலைத் தூண்டுவது உண்மை. அதனால்தான் அது இல்லாமல் வயிறு சுத்தமாவதில்லை என்று தோன்றுகிறது. விட்ட பிறகு ஒன்றிரண்டு வாரம் மலச்சிக்கல் இருக்கலாம். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், இரவில் ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ, சாப்பாட்டில் கீரை, கொஞ்ச தூரம் நடை. குடல் தன் வேலையைத் தானே செய்யப் பழகிக்கொள்ளும். சிகரெட் வருவதற்கு முன்னால் அப்படித்தானே செய்தது.

டீ: சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள், டீயிலுள்ள காஃபீனைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றும்படி செய்கின்றன. சிகரெட்டை விட்டதும் அந்த வேகம் குறைந்து, அதே டீயின் காஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்கும். நீங்கள் சொல்லும் எரிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். விடும் வாரத்திலிருந்து டீயைப் பாதியாக்குங்கள். முதல் மூன்று வாரம் வழக்கமான கடையை விட்டு வேறு கடைக்குப் போங்கள், அல்லது வீட்டிலேயே குடியுங்கள்.

பஸ் நிறுத்தம்: சீக்கிரம் போய்க் காத்திருக்காமல், வண்டி வரும் நேரத்துக்குப் போங்கள். கூட்டமாக நின்று புகைப்பவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். புகைக்காத ஒருவரோடு பேச்சுக் கொடுங்கள்.

சாப்பிட்டதும்: எழுந்த உடனே பல் துலக்குங்கள், அல்லது ஒரு ஏலக்காயோ கிராம்போ வாயில் போட்டுக்கொண்டு நடங்கள். வெற்றிலைப் பாக்கும் பாக்குப் பொட்டலமும் வேண்டாம். பாக்கே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும்.

நைட் ஷிப்டு: இரண்டு, மூன்று மணிக்குத் தூக்கம் சொக்கும்போது சிகரெட் எழுப்பிவிடுவதாகத் தோன்றும். இடைவேளையில் முகம் கழுவி, வெளிச்சமான இடத்தில் ஐந்து நிமிடம் நடங்கள். வறுத்த கடலை, வெள்ளரித் துண்டு, கொண்டைக்கடலை எடுத்துப் போங்கள். பகலில் அறையை இருட்டாக்கித் தூங்குங்கள். அந்தத் தூக்கம் குறைந்தால் அன்று இரவு ஆசை கூடும். பசி அதிகமாகி ஓராண்டில் நாலைந்து கிலோ எடை கூடுவது பலருக்கும் நடப்பதுதான். பஜ்ஜி, போண்டா, இனிப்புப் பக்கம் போகாமல் இருந்தால் அதையும் கட்டுப்படுத்தலாம். சிகரெட் செய்யும் கெடுதலுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

வேப், கூல் லிப்

வேப்பின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதும் தடை செய்திருக்கிறது. பிரிட்டன் போன்ற நாடுகளில் சிகரெட்டை விட உதவியாக அதைச் சொல்கிறார்கள். அங்கே அதில் என்ன இருக்க வேண்டும், எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டம் உண்டு. இங்கே கள்ளத்தனமாகக் கைமாறும் கருவியில் எவ்வளவு நிக்கோடின், வேறு என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. நல்ல மருந்துகள் கையில் இருக்கும்போது அதன் பக்கம் போகத் தேவையே இல்லை.

கூல் லிப், ஹான்ஸ் இரண்டுமே புகையிலை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைக்கும்போது, அதிலுள்ள புற்றுநோய்க் காரணிகள் மணிக்கணக்கில் அந்தச் சதையைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. புகை இல்லை, ஆகவே பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கு உங்கள் ஊர்க்காரர் ஒருவரை நினைவுபடுத்துகிறேன். காஞ்சிபுரத்தில் 1909-இல் பிறந்த அறிஞர் அண்ணாவுக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது. முதலமைச்சரான மறு ஆண்டே உணவுக்குழாய்ப் புற்றுநோய் கண்டது. 1968-இல் நியூயார்க் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். 1969 பிப்ரவரி 3 அன்று 59 வயதில் காலமானார். முதலமைச்சர் பதவியில் இரண்டு ஆண்டுகூட முழுமையாக இருக்கவில்லை. காரப்பேட்டையில் அவர் பெயரிலேயே அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒருநாள் புற நோயாளிகள் பகுதியில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். வாயைத் திறக்க முடியாமல், கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு வரும் நடுவயதுக்காரர்களைப் பார்த்தால், உங்கள் நண்பன் சொன்ன யோசனைக்கு நான் வேறு பதில் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவின் பீடி

பீடி சின்னது, இலையில் சுற்றியது, அதனால் சிகரெட்டைவிட லேசானது என்ற நம்பிக்கை தவறு. அது அடிக்கடி அணையும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும்; தாரும் நிக்கோடினும் குறைவாக உள்ளே போவதில்லை. வீட்டுக்குள் பிடித்தால் அந்தப் புகை அம்மாவின் வீசிங்கைக் கிளப்பும். நீங்கள் வெளியே பிடித்துவிட்டு வந்தாலும் உடையில் ஒட்டிய வாசனையே சிலருக்கு இழுப்பைத் தூண்டும்.

அப்பாவுக்குப் புத்தி சொல்ல இப்போது போக வேண்டாம். உங்களுக்கு ஒரு மாதம் ஆன பிறகு, "அப்பா, நான் விட்டுட்டேன். அம்மாவுக்கு மூச்சு வாங்குது. நீங்க வீட்டுக்குள்ள மட்டும் பிடிக்காதீங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். பிள்ளை செய்து காட்டியதைப் பார்த்து அப்பாக்கள் விட்டிருக்கிறார்கள். அவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ச் சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம். உங்களுக்கும் இதே விதிதான். சளியில் ரத்தம் வந்தால் யாராக இருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

நடுவில் ஒன்று பிடித்துவிட்டால்?

பலருக்கும் நடக்கும். கல்யாண வீட்டில், சண்டை போட்ட அன்று, இரண்டு மாதம் கழித்துக்கூட. ஒன்று பிடித்தாயிற்று, எல்லாம் போயிற்று என்று பெட்டி வாங்குவதில்தான் ஆபத்து. பாவில் இழை அறுந்தால் உங்கள் அப்பா புடவையையே அறுத்துப் போடுவதில்லை. முடிந்துவிட்டு மேலே நெய்கிறார். அதே மாதிரி, அந்த ஒன்று எங்கே, எதனால் வந்தது என்று குறித்துக்கொண்டு, அடுத்த மணியிலிருந்து தொடருங்கள். சூயிங்கம்மையோ பட்டையையோ நிறுத்திவிட வேண்டாம். இதற்கு முன் செய்த முயற்சிகளையும் தோல்வியாக எண்ண வேண்டாம். மூன்றாம் நாள் உங்களுக்கு எது கடினம் என்பதை அவைதான் சொல்லிக் கொடுத்தன. மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது வாழ்க்கையே வெறுத்துப்போனால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

எங்கே போவது?

முதலில் 1800-11-2356. புகையிலையை விட விரும்புபவர்களுக்கான இந்த இலவச தேசிய உதவி எண், 2018-லிருந்து சிகரெட் பெட்டிகளில் அச்சாகிறது. நீங்கள் உதிரியாக வாங்குவதால் கண்ணில் பட்டிருக்காது. திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். தமிழில் பேசுபவர்கள் இருக்கிறார்கள். நாள் குறிக்க உதவுவார்கள், விட்ட பிறகும் அவர்களே அழைத்து விசாரிப்பார்கள்.

அடுத்து, காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை. புகையிலையை விட ஆலோசனை வேண்டும் என்று கேளுங்கள். மருந்தும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். சென்னைக்குப் போக முடிந்தால், அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 2002 முதல் புகையிலை மீட்பு மையம் நடக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய நிலையம் அது. நோய் வந்த பிறகுதான் போக வேண்டும் என்றில்லை. நோய் வராமல் இருக்கவே அந்த மையம்.

பணக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாதம் நாலாயிரம் என்றால் ஆண்டுக்கு 48,000 ரூபாய். அப்பாவைப் போன்றவர்கள் நாட்கணக்கில் உட்கார்ந்து நெய்யும் நல்ல முகூர்த்தப் புடவைக்கு அது போதும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது மூன்றே வேலை. இன்றிலிருந்து ஒவ்வொரு சிகரெட்டையும் குறித்து வையுங்கள். உதவி எண்ணுக்குப் பேசி நாள் குறியுங்கள். அந்த நாள் வருவதற்குள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மூன்றில் மிகவும் தயங்குவது கடைசி வேலைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். அதை முதலில் செய்யுங்கள், தம்பி. அம்மாவுக்குத் தெரிந்த பிறகு வரும் மூன்றாம் நாளில், எரிச்சலோடு வீட்டுக்குள் நுழையும்போது ஏன் என்று கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து தர உங்களுக்கு ஓர் ஆள் இருக்கும்.